குழந்தைகள் தவழும் தரையும் வாசலோடு நிற்க வேண்டிய செருப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் வீட்டருகே குழந்தைக் காப்பகம் தேடும்போது எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கண்காணிப்புக் கேமரா, பால் பாட்டிலைக் கொதிக்க வைக்கும் முறை, கேட்டுக்குப் பூட்டு என்று பயனுள்ள பல செய்திகளைச் சொல்லியிருந்த அக்கட்டுரையில் தரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தாம்பரம் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், என் வீட்டிலேயே, 11 ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நான், அந்த விடுபட்ட வரியை எழுத வேண்டியது என் கடமை என்று கருதி இக்கடிதத்தை அனுப்புகிறேன்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாற்காலியும் மேசையும் பயன்படுவதில்லை. உட்காருவது, உருளுவது, சோற்றைச் சிந்துவது, சிந்தியதைப் பொறுக்கி மறுபடி வாயில் போட்டுக்கொள்வது, களைத்துப்போய்த் தூங்கிவிடுவது எல்லாமே தரையில்தான். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கிறார்கள் என்றும், அதே ஒரு மணி நேரத்தில் 17 முறை விழுகிறார்கள் என்றும் கண்டார்கள். என் பொறுப்பில் இப்போது அந்த வயதில் மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூவரும் விளையாடும் ஒரு மணி நேரத்தில் யாராவது ஒருவர் ஐம்பது முறைக்குக் குறையாமல் விழுகிறார். ஆகவே, 'குழந்தையை விழாமல் பார்த்துக்கொள்வோம்' என்று எந்தக் காப்பகமாவது சொன்னால் பெற்றோர் அதை நம்ப வேண்டாம். எதன்மீது விழுகிறது, எப்படி விழுகிறது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

நடை பழகும் குழந்தை தானாகத் தடுமாறினால் பெரும்பாலும் கையை ஊன்றிக்கொள்ளும், அல்லது தொப்பென்று உட்கார்ந்துவிடும். வழுக்கி விழுவது அப்படியல்ல. கால் முன்னே போய்விட, உடல் பின்னே சாய, ஊன்றுவதற்குக் கை வருமுன்னே பின்மண்டை தரையில் மோதிவிடும். வளர்ந்தவருக்கு உடல் நீளத்தில் தலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு. அந்தப் பாரத்தோடு விழும்போது கீழே இருப்பது கான்கிரீட்டின்மேல் இறுக ஒட்டிய டைல்ஸ் என்றால், அடியின் வேகத்தில் சிறிதையும் அது வாங்கிக்கொள்வதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில் ஒரு மழை நாள் காலையில் இதை நான் நேரிலேயே பார்த்தேன். ஒரு குழந்தையின் தந்தை அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், "ரெண்டே அடிதான் அக்கா, பையை வெச்சிட்டுப் போயிடறேன்" என்று சொல்லி ஷூவோடு கூடத்துக்குள் வந்து, அலமாரியில் பையை வைத்துவிட்டுத் திரும்பினார். வெளிர் நிற டைல்ஸின் மேல் அவருடைய ஷூவின் அடிப்புறத்துக் கோடுகள் தண்ணீரில் அச்சடித்தாற்போல நான்கு இடங்களில் தெரிந்தன. துடைப்பதற்குத் துணியை எடுக்க நான் சமையலறைப் பக்கம் திரும்பிய அந்த நொடியில், புதுக் காலுறை போட்டிருந்த 16 மாதப் பையன் ஒருவன் வாசலை நோக்கி ஓடினான். விழுந்த சத்தத்துக்கும் அவன் அழத் தொடங்கியதற்கும் இடையே இருந்த அமைதியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. மருத்துவமனையில் மாலைவரை வைத்திருந்து, வாந்தி வருகிறதா, கண் சொருகுகிறதா என்று பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அந்தத் தந்தையை நான் குறை கூறவில்லை. விதியை வாசலில் எழுதி வைத்திருந்தும் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியவள் நான்தான். அன்று முதல் தயங்குவதில்லை.

தரை கடினமாக இருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் மழைக்கும், பாலும் சிறுநீரும் நாள்முழுக்கச் சிந்தும் வீட்டுக்கும், கழுவித் துடைக்கக்கூடிய கெட்டித் தரைதான் ஏற்றது. கம்பளம் விரித்தால் ஈரமும் தூசியும் பூஞ்சையும் அதற்குள் குடியேறிவிடும். தொல்லை பளபளப்பில் இருக்கிறது. இன்று கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலும் போடப்படும் விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. கறை பிடிக்காது என்று அதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். ஆனால் உறிஞ்சப்படாத தண்ணீர் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடுகிறது. கண்ணாடிபோல் தேய்த்த பரப்பின்மேல் அந்தப் படலத்தில் கால் வைப்பது எண்ணெயில் கால் வைப்பதற்குச் சமம்.

டைல்ஸ் கடையில் கேட்டால் "இது ஆன்ட்டி ஸ்கிட்தான் மேடம்" என்பார்கள். அத்துடன் நிறுத்திக்கொள்ளாமல், வழுக்காத தன்மைக்கான தர எண் என்ன என்று கேட்க வேண்டும். ஜெர்மானியத் தர அளவுகளில் இரண்டு உண்டு. ஆர் 9 முதல் ஆர் 13 வரை உள்ளது, எண்ணெய் பூசிய சாய்தளத்தில் வேலைக்கான காலணி அணிந்து நடந்து பார்க்கும் சோதனை. ஏ, பி, சி என்று மூன்று வகையாகச் சொல்லப்படுவது, சோப்புத் தண்ணீர் ஓடும் சாய்தளத்தில் வெறுங்காலால் நடந்து பார்க்கும் சோதனை. 12 பாகை சாய்வு வரை வழுக்காதது ஏ, 18 வரை பி, 24 வரை சி. குழந்தைகள் வெறுங்காலோடு இருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டாவது அளவே பொருந்தும் என்பதைக் கடைக்காரர்களிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. எண் கிடைக்காவிட்டால், மாதிரி டைல் ஒன்றைக் கீழே வைத்து ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். வழுக்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். வழுக்கவே கூடாது என்று கார் நிறுத்துமிடத்துக்குப் போடும் சொரசொரப்பான டைல்ஸைக் கூடத்தில் போடுவதும் தவறு. தவழும் குழந்தையின் முழங்கால் சிராய்ந்துவிடும், அழுக்கும் அதன் பள்ளங்களைவிட்டு வராது. மேட் ஃபினிஷ் என்று சொல்லப்படும் பளபளப்பில்லாத வகையே நடுவானது.

நான் இருப்பது வாடகை வீடு. தரையைப் பெயர்க்க உரிமையாளர் ஒப்பவில்லை. ஆனால் பழைய டைல்ஸின் மேலேயே பசை கொண்டு புதிய மேட் டைல்ஸ் ஒட்டலாம் என்று கொத்தனார் விளக்கியதும் அவர் இணங்கினார். கூடத்துக்கும் கழிவறைக்குப் போகும் வழிக்கும் மட்டும் ஒட்டினோம். தரை உயர்ந்துவிட்டதால் இரண்டு கதவுகளின் அடிப்பகுதியை அரை அங்குலம் தச்சர் சீவித் தர வேண்டியிருந்தது, புதுத் தரையும் பழைய தரையும் சேரும் இடத்தில் தடுக்காதபடி சரிவாக ஒரு பட்டையும் வைக்க வேண்டியிருந்தது. ஒரு மாத வருமானத்துக்குச் சற்று அதிகமாகவே செலவாயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

இனிச் செருப்புக்கு வருகிறேன். செருப்பை வெளியே விடுவது நம் வீடுகளில் யாரும் சொல்லித்தர வேண்டாத வழக்கம். திண்ணையும் முற்றமும் இருந்த வீட்டில், வாசலில் சொம்புத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவே அழுக்கு உதிர்வதற்கு இடம் இருந்தது. அடுக்குமாடி வீட்டிலோ கதவைத் திறந்ததும் கூடம். செருப்பு அலமாரியை நடைபாதையில் வைத்தால் குடியிருப்போர் சங்கம் கடிதம் அனுப்புகிறது, உள்ளே வைத்தால் அதைக் குழந்தைகள் இழுத்து விளையாடுகிறார்கள். வீடு காப்பகமாகவும் ஆகிவிட்டால், ஒரு குடும்பத்தின் கால்களுக்குப் பதிலாகப் பத்துக் குடும்பங்களின் கால்கள் நாளுக்கு இரண்டு முறை அந்தக் கதவைத் தாண்டுகின்றன.

விதியைக் கண்டிப்பாக்குவதற்கு முன் ஒரு நாள் மாலை, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் கதவருகே ஒரு சாண் இடத்தைத் துடைத்துப் பெற்றோர்களிடம் காட்டினேன். துணி சாம்பல் நிறமாகிவிட்டது. அதில் மணலும், ஒரு முடிக்கற்றையும், ஷூவின் பள்ளத்தில் சிக்கி வந்து உதிர்ந்த ஒரு ஸ்டேப்ளர் பின்னும் இருந்தன. அந்தப் பின்னைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு தாய், இதற்கு முன்னும் இப்படி வந்திருக்குமா என்று கேட்டார். வந்திருக்கும் என்றே சொன்னேன். எட்டு மாதக் குழந்தை இரண்டு விரல்களால் நுனியாகப் பிடித்து எடுக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பருவம். எடுத்தது எதுவாயினும் நேராக வாய்க்குத்தான் போகும்.

கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது. அரசு 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தி, ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரை மாத்திரை, அதற்கு மேல் 19 வயது வரை ஒரு மாத்திரை என அல்பெண்டசோல் தருகிறது. மாத்திரை கொடுத்த மறுநாளே தெருமண் படிந்த தரையில் தவழவிட்டால், வெளியேற்றிய புழுவை மறுபடி அழைத்துக்கொள்கிறோம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஆனால் ஈயம் மக்கி அழியும் பொருளல்ல, சாலையோர மண்ணில் அது தங்கியே இருக்கும். அந்த மண் காலணியோடு வீட்டுக்குள் வந்தால் முதலில் ஒட்டிக்கொள்வது தவழும் குழந்தையின் உள்ளங்கையில்.

இப்போது என் வீட்டில் உள்ள ஏற்பாடு எளியது. கதவுக்கு வெளியே தேங்காய் நார் மிதியடி, உள்ளே மூன்றடி தூரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு. பெற்றோர் தடுப்புக்கு அப்பால் வருவதாயிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வரலாம். அவசரம் என்றால் தடுப்புக்கு வெளியே நின்று குழந்தையைக் கொடுக்கலாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் தம்பியைத் தோளில் பாரத்தோடு செருப்பைக் கழற்றச் சொல்வது நியாயமல்ல. அவர் வாசலில் இறக்கி வைக்க, நான் துடைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறேன். சமையல் எரிவாயு சிலிண்டரைத் தரையில் உருட்டாமல் தூக்கி வரும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் அடிவளையத்தில் சாலைச் சேறு முழுவதும் ஒட்டியிருக்கும்.

இந்த விதி யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்பதிலும் எனக்கு அக்கறை உண்டு. பேத்தியை அழைத்துப்போக வரும் ஒரு தாத்தா, தடுப்பருகே தயங்கி நின்று, "எனக்குச் சர்க்கரை இருக்கும்மா, வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார். மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு, குத்தியதே தெரியாமல் புண்ணாகிவிடும். அன்று மாலையே அவருடைய அளவில், மெத்தென்ற ரப்பர் அடிப்பகுதி கொண்ட ஓர் எம்.சி.ஆர். செருப்பு வாங்கி உள்பக்கம் வைத்தேன், உட்கார்ந்து மாற்றிக்கொள்ள ஒரு முக்காலியும் போட்டேன். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் செலவு" என்று கேட்டவர், அடுத்த நாளிலிருந்து மற்றவர்களுக்கும் விதியை எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அதே செருப்பை எனக்கு உதவிக்கு வரும் சகோதரிக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காலை எட்டு மணி முதல் மாலை ஆறரை வரை கெட்டித் தரையில் நின்றும் குழந்தையைத் தூக்கியும் வேலை செய்பவருக்குக் குதிகால் வலி வராமல் இருக்காது. 'வீட்டுக்குள் செருப்பே கூடாது' என்ற பெயரில் பணியாளரின் காலைப் பாழாக்குவதை நான் ஏற்கமாட்டேன். வாங்கிக் கொடுப்பது நடத்துபவரின் பொறுப்பு. ஆனால் அந்தச் செருப்பு வாசற்படியைத் தாண்டக் கூடாது, கழிவறைக்குப் போகக் கூடாது, வாரம் ஒரு முறை கழுவிக் காய வைக்க வேண்டும், பின்புறம் வார் இருக்க வேண்டும். தொளதொளவென்று இருக்கும் செருப்பு தடுக்கினால் கையிலிருக்கும் குழந்தையும் சேர்ந்து விழும். கனமான அடிப்பகுதி உள்ளதும் வேண்டாம். தரையில் பரப்பி வைத்திருக்கும் சின்ன விரல்களை யார் எப்போது மிதிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

குழந்தைகளுக்கோ உள்ளே வெறுங்கால்தான். 'ஷூ போட்டுப் பழகினால்தான் பாதம் நேராக வளரும்' என்று நம்பி, கீச் கீச் என்று ஒலிக்கும் ஷூவோடு கொண்டுவந்து விடும் பெற்றோருக்கு, நம் நாட்டு எலும்பு மருத்துவர்கள் ராவ், ஜோசப் ஆகிய இருவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளைப் பார்த்ததில், காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. விரல்களை மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதி, செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. வெளியே மணலில் விளையாடும்போது செருப்பு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்தே உள்ளே போகிறது. திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்குவரை துடைத்துவிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். மார்கழிக் குளிருக்குக் காலுறை போடுவதாயிருந்தால் அடியில் ரப்பர்ப் புள்ளிகள் உள்ளதாகப் போடுங்கள், அந்தப் புள்ளிகள் தேய்ந்ததும் மாற்றுங்கள். வழவழப்பான காலுறையைப் போல ஆபத்தானது இந்தத் தரையில் வேறில்லை.

விரிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவானி ஜமக்காளமும் கோரைப்பாயும் உட்காரவும் படுக்கவும் அருமையானவை, ஆனால் டைல்ஸின் மேல் வெறுமனே விரித்தால் ஓடிவரும் குழந்தையோடு சேர்ந்து அவையும் நகரும். அடியில் ரப்பர் வலை போட்டால் அசையாது. ஒன்றோடொன்று கோக்கும் ஃபோம் துண்டுகளை வாங்கிக் கூடம் முழுவதும் பரப்புவது எனக்கு உடன்பாடில்லை. இடுக்குகளில் பாலும் பருக்கையும் போய்த் தங்குகின்றன, ஓரங்களைக் கடித்துப் பிய்த்தால் துணுக்கு தொண்டையில் சிக்கும். ஃபார்மமைடு என்னும் வேதிப்பொருள் அவற்றிலிருந்து வெளிப்பட்டதால் 2010-இல் பெல்ஜியம் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. குழந்தைகள் பிடித்து ஏறும் சோபாவின் முன்பும் சறுக்குமரத்தின் அடியிலும் மட்டும் கெட்டியான விரிப்பு ஒன்று போட்டிருக்கிறேன். சனிக்கிழமை அதைக் கழுவி மொட்டை மாடியில் வெயிலில் காய வைப்போம்.

துடைக்கும் நேரத்தையும் பெற்றோர் கேட்டறிய வேண்டும். குழந்தைகள் விழித்திருக்கும்போது மாப் போடும் வீட்டை நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் மதியம் ஒன்றரை மணிக்கு எல்லோரும் உறங்கியபின் துடைத்து, சோப்பின் வழவழப்பு நிற்காதபடி நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறோம். குளித்துவிட்டுப் பவுடர் போடும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். கேரம் பலகையில் காய் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறதோ, தரையில் கொட்டிய பவுடரின்மேல் கால் அப்படித்தான் போகும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பும் பாட்டிகளிடம் உள்ளங்காலை மட்டும் துடைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. துணிக்கடையிலும் சிறு மருத்துவமனையிலும் தையல் கூடத்திலும் வேலை செய்யும் பெண்களில் மிகப்பலர் இந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை; அவர்கள் எங்களைப் போன்றோரின் வீடுகளை நம்பித்தான் வேலைக்குப் போகிறார்கள். ஆகவே, வீட்டுக் காப்பகங்களுக்கென விதிகள் வகுக்கும்போது, குழந்தை நடமாடும் இடத்தில் ஈரத்தில் வழுக்காத தரை, வாசலில் காலணி மாற்றும் இடம், பணியாளருக்கு வீட்டுக்குள் அணியத் தனிச் செருப்பு ஆகிய மூன்றையும் அவற்றில் சேர்க்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும் என்பது அதே விதியில் எழுதப்பட்டிருந்தால், அதை அவர்களிடம் நேரில் சொல்ல எங்களுக்குக் கூச்சமிருக்காது. வெறுங்கால் வழுக்குச் சோதனையின் முடிவை ஒவ்வொரு பெட்டியிலும் தமிழிலும் அச்சிடும்படி டைல்ஸ் நிறுவனங்களை வேண்டுகிறேன். காப்பகத்துக்கு வீடு வாடகைக்கு விடுபவர்கள் தரைமேல் தரை ஒட்டிக்கொள்ள அனுமதி மறுக்க வேண்டாம். காலி செய்யும்போது வீடு மதிப்புக் கூடியே இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கச் சில வாரங்களே இருப்பதால், பள்ளிக்கும் காப்பகத்துக்கும் குழந்தையை அனுப்பும் பெற்றோர், பையில் மாற்று உடையோடு காலைத் துடைக்க ஒரு சிறு துண்டையும் வைத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுக் குழந்தைக் காப்பகம் நடத்தும் ஒரு வாசகி,
தாம்பரம்.